டர்போ பூட்டாத மனுசன்

அந்த மெக்கானிக்கை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். சென்ட் லோரன்ட்டில் பனியில் ஓடும் ஸ்நோமொபைல் வண்டி திருத்துகிறவர், எங்கட யாழ்ப்பாணத்து ஆள்தான். வருகிற ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டார். வண்டியின் அடியில் ஓடும் ரப்பர் பட்டியைத் தடவிக்கொண்டேதான் கதைப்பார்.

மலை ஏறுகிற ஸ்நோமொபைல் ஒன்று வாங்கி, எஞ்சினின் வலுவைக் கூட்டும் டர்போ பூட்ட அவரிடம் கொண்டுபோனேன். என் மச்சான் தன் வண்டிக்கு அவரிடம்தான் பூட்டினதாகக் கோயிலில் எல்லாருக்கும் முன்னால் பெருமையடித்திருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

“எங்கை ஓடுறனீங்கள்?” என்று கேட்டார்.

“இங்கை பக்கத்திலைதான், பனி இறுகின பாதையிலை.”

“உது ஆழப் பனிக்குச் செய்த வண்டி. இறுகின பாதையிலை தூள் பனி பட்டுக் குளிராமல் சும்மாவே கொதிக்கும். டர்போ பூட்டினால் எஞ்சின் போயிடும். ஏலாது.”

“அப்ப என்ரை மச்சானுக்கு மட்டும் எப்பிடிப் பூட்டிக் குடுத்தனீங்கள்?” என்று கத்தினேன்.

“அவருக்கும் ஏலாதெண்டுதான் சொன்னனான்.”

அடுத்த வெள்ளி கோயில் வாசலில் மச்சான், “டர்போ பூட்டியாச்சோ?” என்றான்.

“ஓம், உன்ரையைவிடப் பெரிசு.”

பக்கத்தில் கடலை தின்றுகொண்டு நின்றவர் அந்த மெக்கானிக். எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் முதல் தடவையாக நேரே பார்த்தார். ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன். இன்னொரு கை கடலை வாங்கப் போன மனுசனை என்ன செய்வது?