கடல் சேற்றுக்குத் தலையும் காலும் எழுதியவர்

அர்த்தநாரி அண்ணன் போயிட்டார். காலையில திருச்செங்கோட்டுல இருந்து அவங்க வீட்டம்மா போன்... தூக்கத்துலயே உயிர் போயிடுச்சாம்.

இங்க பல பேருக்கு அவரைத் தெரியாது. இருபது வருஷம் போர்வெல் ரிக் ஓட்டினவர். அப்புறம் கான்ட்ராக்ட்ல எங்க ஆராய்ச்சிக் கப்பலுக்கு வந்தார். கடலடியில பைப் இறக்கி சேறு எடுத்துக் கொடுக்கற வேலை.

கடலுக்கு அடியிலயும் மண் சரியும். மணலும் சேறும் தண்ணியோட கலந்து பாய்ஞ்சு, ரொம்ப தூரம் போய்ப் படியும். அந்த அடுக்குகளைப் பார்த்து எத்தனை தடவை சரிஞ்சதுன்னு கண்டுபிடிக்கறதுதான் என் பிஎச்.டி.

"தண்ணி வேணும்னு சேத்தக் கொட்டுன ஆளுங்க நானு. நீங்க சேறு வேணும்னு தண்ணிய வடிக்கறீங்க"ன்னு முதல் நாளே கலாய்ச்சார்.

என் ஆராய்ச்சிக்குக் கிடைச்சது ஒரே ஒரு கப்பல் பயணம். கடைசி நாள்ல ஒரே ஒரு பைப் மட்டும் முழுசா சேறு நிறைஞ்சு வந்துச்சு. ரிக் லாரியில ராடு அடுக்கற பழக்கத்துல அண்ணன் அதை முனை பார்க்காம மாத்தி அடுக்கிட்டார். எந்த முனை மேல, எது கீழன்னு யாருக்கும் தெரியல.

தலைகீழாப் படிச்சா மொத்த ஆராய்ச்சியும் தப்பு. "மூணு வருஷ உழைப்பு போச்சு"ன்னு காட்டுக்கத்தல் கத்தினேன். அழுதேன்.

உண்மையைச் சொல்றேன்... குறி போட வேண்டியது நான். கடல் ஒத்துக்காம வாந்தி எடுத்துட்டு மூலையில கிடந்தேன்.

அவர் கொஞ்ச நேரத்துல ஒரு வாட்டர் பாட்டிலோட வந்தார். உள்ள மணலும் சேறும் கலக்கி வெச்சிருந்தார்.

"ஏனுங் மேடம், கத்தி முடிச்சாச்சுங்களா? இதப் பாருங்க. பெருசு மொதல்ல அடியில போயிருமுங்க, பொடிசு அப்பறமா மேல ஒக்காரும். பைப்ப அறுங்க. பெருமணலு எந்தப் பக்கமோ அதான் காலு. அழுவாதீங்க சாமி."

அடக் கடவுளே... இதைத்தானே நான் ஜூனியர்களுக்கு வகுப்பெடுத்துட்டு இருந்தேன்! கோவத்துல மூளையே ஓடல.

அறுத்தோம். அஞ்சு அடுக்கு. அஞ்சுலயும் பெருமணல் ஒரே பக்கம்.

பேப்பர்ல அவர் பேரையும் சேர்த்தேன். "என்ன டிகிரி?"ன்னார் கைடு. "போர்வெல்"னேன். அயோத்தியாப்பட்டணத்துக்காரியான எனக்கு அன்னைக்கு அவ்வளவு பெருமை... திருச்செங்கோடு, நம்ம பக்கத்து ஆளு!

அதுக்கப்புறம் எந்த பைப் வந்தாலும், மார்க்கர்ல ஒரு முனையில "தலை", மறு முனையில "கால்"னு எழுதிட்டுத்தான் டீயே குடிப்பார்.

இன்னைக்கு லேப்ல அடுத்த பயணத்துக்கான புது காலி பைப் வந்து இறங்குச்சு. ஒடிசாவுல இருந்து வந்த ஜூனியர் பொண்ணு ஒருத்தி. அண்ணனைப் பார்த்ததே இல்ல, தமிழும் படிக்க வராது. மார்க்கரை எடுத்து, பழைய பைப்பைப் பார்த்துக் கோலம் போடற மாதிரி மெதுவா வரைஞ்சா... தலை. கால்.

இனி யாரும் மாத்தி அடுக்க மாட்டாங்கண்ணே. நிம்மதியாப் போங்க.