உப்பில்லாத வெள்ளை

மழை பிடித்துவிட்டால் மரக்காணத்து உப்பளத்தில் பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாது. தை பிறக்கும்வரை வேலையும் கிடையாது. மரியதாஸின் மூத்த மகள் லூர்துமேரி அப்படித்தான் ஓர் ஐப்பசியில் கோத்தகிரிக்கு பஸ் ஏறினாள். அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த தங்கை ஜான்சி, மலைச்சரிவில் வெளியூர்ச் செடிகளை வெட்டிவிட்டு மலைக்கே உரிய செடிகளை நடும் வேலையில் அக்காவையும் சேர்த்துவிட்டிருந்தாள்.

முதல் நாளே வம்பு வந்தது. நாற்றுப் பண்ணையில் களை பிடுங்கச் சொன்னால், லூர்துமேரி நல்ல கன்றுகளையும் சேர்த்துப் பிடுங்கிப் போட்டுவிட்டாள். வேலையை மேற்பார்க்கும் கலைமதி ஓடி வந்தாள்.

“இதை ஏன்க்கா புடுங்கின?”

“இலைக்கு அடியில உப்பு பூத்திருக்குதும்மா. எங்க ஊர்ல இப்படி வெள்ளை கண்டா செடி பிழைக்காது.”

“மலையில ஏதுக்கா உப்பு? நக்கிப் பாரு.”

நக்கினாள். கரிக்கவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தும் வெள்ளை போகவில்லை. பூனைக்குட்டி வயிற்றைப் போல மெத்தென்ற ரோமம்.

“இது வருஷம் பூரா பச்சையா நிக்கிற மலைச்செடி. ரோஜாவுக்குப் பங்காளி, ஆனா முள்ளு கிடையாது. நாம வெட்டுறது, வேலிக்குன்னு எவனோ கொண்டாந்து வச்ச முள்ளுச்செடி. அதுவும் ரோஜாவுக்குப் பங்காளிதான், பழமும் இதோட பழம் மாதிரியே செவப்பு. இன்னொரு தடவை மாத்திப் புடுங்கிட்டீன்னா ஊருக்கு பஸ் ஏறிடு.”

சோறு போடும்போது ஜான்சி, “உன்னை நம்பித்தான் அவங்ககிட்ட வாக்கு குடுத்தேன்” என்றாள். லூர்துமேரி தட்டைத் தள்ளி வைத்தாள். பாத்தியில் கால் வெடித்து ரத்தம் வந்த நாளிலும் வேலையில் ஒரு சொல் வாங்கினவள் இல்லை அவள்.

மறுநாள் சரிவில் ஒரு பெரிய முட்புதர், பழம் பழமாகச் சிவந்து நின்றது. கூட வேலை செய்யும் அசோகன் அரிவாளை ஓங்கினான்.

“நில்லுப்பா” என்றாள் லூர்துமேரி. புதருக்கு நடுவே ஒரு கிளையில் மட்டும் முள் இல்லாதது அவள் கண்ணில் பட்டிருந்தது.

“நேத்து புடுங்கினே. இன்னிக்கு வெட்டவும் விடமாட்டியா?”

அவள் குப்புறப் படுத்து உள்ளே நுழைந்தாள். முள் கிழித்து முதுகில் ரத்தம் கோடு போட்டது. இலையைத் திருப்பினாள். வெள்ளை. தேய்த்தாள், போகவில்லை. எல்லாரும் பார்க்க நக்கினாள்.

“என்னாக்கா, உப்பு போதுமா?” என்றான் அசோகன். பெண்கள் சிரித்தார்கள்.

“சப்புன்னு இருக்குதுடா. இது மலைச்செடிதான். கைய வைக்காத.”

கலைமதி தானும் ஊர்ந்து போய்ப் பார்த்தாள். கை கனத்துக்கு அடிமரம், கிழட்டுச் செடி. வெளியே வந்தபோது அவள் முகமே மாறியிருந்தது.

“இந்தச் சரிவுல ஒண்ணுகூட மிஞ்சலைன்னு நெனச்சிருந்தோம்க்கா.”

சுற்றியிருந்த முள்ளையெல்லாம் வெட்டித் தள்ளப் பொழுது சாய்ந்துவிட்டது. செடி தனியாக, சிவக்கச் சிவக்கக் காய்த்து நின்றது. “எங்க அக்கா கண்ணு” என்று ஜான்சி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள், கேட்காதவர்களிடமும். அந்தச் செடியின் விதையில் வந்த கன்றுகள் இன்று சரிவெங்கும் நிற்கின்றன.

இப்போதும் மரக்காணத்தில் வானம் கறுத்தால் கலைமதி போன் பண்ணிவிடுவாள்.

“பாத்தி முங்கிடுச்சாக்கா? அப்ப பஸ் ஏறிடு.”

“ஏறி உக்காந்துட்டேன்” என்பாள் லூர்துமேரி, இன்னும் துணிகூட எடுத்து வைக்காமல்.