வேர்க்குரு என்று சொன்னேன்

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு, வலி எடுப்பதற்கு முந்தின நாள் வயிற்றில் இரண்டு முத்து போட்டிருந்தது. பாகூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் அதைக் கொப்புளம் என்று சொல்ல மாட்டோம். அம்மா வந்திருக்கிறாள் என்போம். வந்தவளுக்கு வேப்பிலைதான், ஊசி ஆகாது.

பிரசவ வார்டு வாசலில் நர்ஸ் கேட்டாள். "காய்ச்சல், கொப்புளம் ஏதாவது இருக்குதா?"

"அதெல்லாம் இல்லம்மா. ரெண்டு வேர்க்குரு, அவ்ளோதான்."

"இன்னா சார், மார்கழியில வேர்க்குருவா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, அவள் ஓடிவிட்டாள்.

பேரன் பிறந்தான். பத்தாம் நாள் அவன் உடம்பெல்லாம் முத்து, மூச்சு வாங்கியது. டாக்டர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். "பிரசவத்தை ஒட்டி தாய்க்கு அம்மை வந்தா, அவங்க எதிர்ப்புச் சக்தி புள்ளைக்குப் போய்ச் சேர நேரம் இருக்காது. அதுக்குன்னே ஒரு ஊசி இருக்கு, பொறந்ததுமே புள்ளைக்குப் போட்டிருப்போம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

பன்னிரண்டு நாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடந்து அவன் பிழைத்தான். அந்தப் பன்னிரண்டு நாளும் நான் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். சொற்களோடு அலைகிறவன்தான் நான். வேண்டிய ஒரு சொல்லை மட்டும் விழுங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மகள் கேட்டாள். "ஏம்பா அப்படிச் சொன்ன?"

"அம்மா கோச்சிக்குவான்னு பயந்துட்டேன்டி."

குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "நானும் அம்மாதானேப்பா. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"