மொட்டைத் தலையர் வரும் அழகு நிலையம்

"தொலைமருத்துவ இணைப்பாளர். மென்மையான பேச்சும் கணினித் தேர்ச்சியும் எல்லையற்ற பொறுமையும் உடையவர்." ஓசெல்லா மேப்ரியைப் பற்றித் தலைநகரச் சுகாதார அலுவலகத்தின் கோப்பு இப்படித்தான் சொல்கிறது. என்னோடு ஏழாம் வகுப்புவரை படித்தவள். அன்றைக்கே அவளிடம் இந்த மூன்றும் கிடையாது. ஒற்றை விரலால் தட்டச்சு செய்வாள். திரை உறைந்து நின்றால் சீப்பின் வாலால் ஒரு தட்டு. "செத்துட்டியா, இல்ல உனக்கும் அரசாங்க வேலையா?"

அலபாமாவின் இந்த மூலையில் அவள் நடத்துவது அழகு நிலையம். சுவரோரம் நான்கு முடி உலர்த்திகள், தலையை மூடிக் கவிழும் பழைய ரகம். ஓட ஆரம்பித்தால் விமானம் கிளம்புவது போல இரைச்சல். செவ்வாய்க்கிழமைகளில் யார் தலையும் ஈரமாக இல்லாவிட்டாலும் நான்கும் ஓடும். பின்னறைத் திரையில் நூற்று நாற்பது மைலுக்கு அப்பாலிருந்து டாக்டர் விட்லோ எச்.ஐ.வி. நோயாளிகளைப் பார்க்கும் நாள் அது.

"அது என்னம்மா சத்தம்?" என்று கேட்டார் அவர், முதல் வாரம்.

"உங்களுக்கில்ல டாக்டர். முன்னாடி உக்காந்திருக்கிற காதுகளுக்கு."

'வீட்டிலிருந்தபடியே டாக்டரைப் பாருங்கள்' என்கிறது அலுவலகத்தின் துண்டுத்தாள். எங்கள் வீடுகளில் பாதிக்கு இணைய வசதியே கிடையாது. கம்பி நெடுஞ்சாலையோடு நின்றுவிடுகிறது. அது தொடுகிற கடைசிக் கட்டடம் ஓசெல்லாவின் கடை. மருத்துவர் முகம் தெரிய வேண்டுமானால் ஷாம்பு வாசனையில்தான் தெரியும். மாத்திரைகளும் அங்கேயே தபாலில் வரும், ஷாம்புப் பெட்டிகளோடு பெட்டியாக.

ஆகவே முடி இல்லாதவர்களும் வருகிறார்கள். மரலாரி ஓட்டும் ராய்ஸ் டாலிவருக்கு முட்டையைப் போன்ற தலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் ஆஜர். சர்ச் பாடகர் குழுவின் ஹாட்டி பியர்சன் ஒருநாள் உலர்த்தியிலிருந்து தலையை வெளியே நீட்டினாள்.

"ஏன் ராய்ஸ், எந்த முடியக் காட்ட இங்க வர்றே?"

ராய்ஸுக்கு முன் ஓசெல்லா பதில் சொன்னாள். "போன முடிக்குத் துக்கம் விசாரிக்க வர்றான்க்கா. நீங்க தலைய உள்ள விடுங்க, சுருள் கெட்டுரும்."

எங்கள் ஊரில் ஒருவரை முகத்தால் அறிவதற்கு முன்பே வண்டியால் அறிகிறோம். பதினாறு வருடம் முன்பு ஒரு வியாழக்கிழமை அவள் தம்பி கர்ட்டிஸின் பச்சை பிக்கப் வண்டி மாவட்ட மருத்துவமனை வாசலில் நின்றது. வியாழக்கிழமை எந்த நோய்க்கான நாள் என்று ஊருக்கே தெரியும். மதியம் கெளுத்தி மீன் ஆலையில் அவனோடு உண்பவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை; நாங்கள் பண்புள்ள மக்கள். கர்ட்டிஸ் மறுபடி அந்த வாசலுக்குப் போகவில்லை. இலவச மருந்து பதினொரு மைலில் இருக்க, முப்பத்து நான்கு வயதில் அவனைப் புதைத்தோம். அந்த மருத்துவமனையும் பின்னர் மூடப்பட்டது.

"நோய் கொல்லல. வண்டிய நிறுத்தின இடம் கொன்னுச்சு" என்பாள் ஓசெல்லா. அழமாட்டாள். வேறு யாராவது கண்ணைத் துடைத்தாலும் கோபம் வரும்.

இந்த மார்ச் மாதம் அலுவலகம் ஒரு பலகை அனுப்பியது. ஆறடி நீளத் தகரம், ஊதா எழுத்து: 'எச்.ஐ.வி. தொலைமருத்துவ மையம்'. பக்கத்தில் புன்னகைக்கும் இரண்டு முகங்கள். பத்து நாளில் வெளிச்சுவரில் மாட்டிப் படம் அனுப்பாவிட்டால் திரையைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களாம். கொண்டு வந்தவன் சனிக்கிழமை மாலை அதைக் கடைச் சுவரில் சாலையைப் பார்க்கச் சாய்த்துவிட்டுப் போனான். ஞாயிறும் திங்களும் கடை விடுமுறை. சர்ச்சுக்குப் போன ஊர் முழுவதும் வாசித்தது.

செவ்வாய் காலை நான்கு உலர்த்திகளும் ஓடின. யாரும் வரவில்லை. ராய்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"இன்னிக்கு வரலக்கா. லாரியச் சட்டைப் பைலயா ஒளிச்சு வைக்க முடியும்?"

"மாத்திரை எத்தன இருக்கு?"

"பன்னெண்டு."

"முடிஞ்சா?"

"பாத்துக்கலாம்."

"கர்ட்டிஸும் இதையேதான்டா சொன்னான்."

பார்க்காமல் மருந்துச் சீட்டு எழுத டாக்டருக்கு அனுமதி இல்லை. திரையில் அவர் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓசெல்லா அலுவலகத்தைக் கூப்பிட்டாள். மெரிடித் என்ற இளம்பெண் எடுத்தாள்.

"விழிப்புணர்வுக்குத்தான் மேடம். இதுல வெட்கப்பட என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல கண்ணு. அப்ப உன் வீட்டு வாசல்ல மாட்டிக்கயேன்."

மெரிடித் சிரித்தாள். ஓசெல்லா சீப்பை மேசையில் ஓங்கி அடித்ததில் அது இரண்டாக உடைந்தது.

ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை; ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். உலர்த்திகளின் எண்ணிக்கையை மாற்றவில்லை.

அன்று மதியமே அவள் பலகையை ஒரு மைல் தள்ளியிருக்கும் தன் வீட்டு முன்சுவரில் நான்கு ஆணி அடித்து மாட்டி, படமெடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினாள். "கடைக்கு வழி தவறி வந்துருச்சுக்கா, மையம் என் வீட்லதான்" என்று ஹாட்டியிடம் மட்டும் சொன்னாள். மற்றவர்களுக்குச் சொல்லத் தேவை இருக்கவில்லை. அந்த வாரம் முழுக்க, யார் வண்டி நிற்கிறது என்று பார்க்க ஊர் அவள் வீட்டைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தது. அடுத்த செவ்வாய், ராய்ஸ் கடையின் பின்னறை நாற்காலியில் உட்கார்ந்து டாக்டருக்கு வணக்கம் சொன்னான்.

வீட்டு வாசலில் ஒரு வண்டி மட்டும் நின்றது. கர்ட்டிஸ் செத்ததிலிருந்து கொல்லையில் கிடந்த அவனுடைய பச்சை பிக்கப்பை டிராக்டரில் கட்டி இழுத்து, கழுவி, பலகைக்கு நேர் கீழே, சாலையைப் பார்க்க அவள் நிறுத்தியிருந்தாள்.