புகார்தாரர் திருப்தியடைந்தார்

என் மனைவிக்குப் புகார் கொடுப்பதில் ஒரு தனிச் சந்தோஷம் இருந்தது. பாக்கார் ஆராங்கில் எங்கள் வரிசை வீட்டுப் பின்சந்தில் விளக்கு எரியாவிட்டாலும், குப்பை லாரி ஒரு நாள் தவறினாலும், போனை எடுத்துக்கொண்டு நாற்காலியில் வசதியாக உட்கார்ந்துவிடுவாள். நகராட்சி மன்றத்துக்காரர்களை அவள் மலாயில் வாங்கு வாங்கென்று வாங்குவதை நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். "நீங்க ஒரு தடவையாவது பேசுங்களேன்" என்பாள். எனக்கெதற்கு வம்பு? கூலிமில் தொழிற்சாலை வேலை பார்த்த காலமெல்லாம் சூப்பர்வைசர் எது சொன்னாலும் "ஓகே லா" என்று தலையாட்டியே ஓய்வுபெற்றவன் நான். எங்கள் வீட்டில் கோபப்படுகிற இலாகா அவளுடையது.

அவள் கடைசியாகக் கொடுத்த புகார் பின்சந்துச் சாக்கடை மூடி உடைந்து கிடந்ததைப் பற்றியது. கொடுத்த வாரமே மாரடைப்பில் போய்விட்டாள். சாயந்திரம் தோசைக்கு அரைக்கணும், உளுந்தை ஊறப்போடுங்கள் என்று காலையில் சொன்னவள், மத்தியானம் இல்லை. ஊறப்போட்ட உளுந்தை யாரோ எடுத்துக் கொட்டினார்கள்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் வந்து, காரியம் முடிந்ததும் திரும்பிப் போனாள். போகும்போது அம்மாவின் போனையும் எடுத்துக்கொண்டாள். அதில்தான் படங்கள் எல்லாம் இருக்கின்றன என்றாள். அதன்பின் வீட்டில் ஒரு போன், ஒரு தட்டு, ஒரு ஆள். கடையில் பொட்டலம் கட்டி வாங்கிவந்து, டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு தின்பேன். டிவியில் என்ன ஓடுகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை, குப்பை போடப் பின்சந்துக்குப் போன நான் அந்த உடைந்த மூடியிலேயே கால் விட்டு விழுந்தேன். முழங்கால் தோல் உரிந்துவிட்டது. வலியைவிட, கூப்பிட யாரும் இல்லை என்பதுதான் உறைத்தது. கொஞ்ச நேரம் சாக்கடையோரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து போய், ஐஸ்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து அவள் ஒட்டியிருந்த துண்டுச்சீட்டை எடுத்துக்கொண்டு மன்ற அலுவலகத்துக்குப் போனேன். அதில் அவளுடைய புகார் எண் இருந்தது.

முகப்பில் இருந்த பெண் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினாள். மலாயில் மூன்று வரி. புகார்தாரரைத் தொடர்புகொண்டோம். புகார்தாரர் திருப்தியடைந்தார். புகார் முடிந்தது. பக்கத்தில் தேதி இருந்தது. விரல் விட்டு எண்ணினேன். அவள் இறந்த பத்தாவது நாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மேசையை ஓங்கித் தட்டினேன். செத்துப்போனவளிடம் எப்படியடா பேசினீர்கள் என்று மலாயில் கத்தினேன். உயிரோடு இருந்தபோது ஒரு நாளாவது உங்களால் திருப்தியடைந்திருப்பாளா அவள்? காவலர் வந்து தோளைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அந்தப் பெண் பயந்துபோய், அதிகாரிகளின் நடத்தை பற்றிப் புகார் செய்ய வேறு பாரம் இருக்கிறது என்று ஒன்றை நீட்டினாள். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அதிகாரி பொய் எழுதியிருக்கிறார். பாரத்தின் கடைசிக் கட்டத்தில், என்ன தீர்வு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மூடி வேண்டும் என்று எழுதவில்லை. என் மனைவி சொல்லாததைச் சொன்னதாக இருக்கும் அந்த வரியை அழிக்க வேண்டும் என்று எழுதினேன்.

நாலாம் நாள் எதிர்வீட்டுக்காரர் கேட்டருகே வந்து நின்றார். சனிக்கிழமைகளில் காய்கறி வாங்கப் பசாருக்கு என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போகிறவர்.

"அண்ணே, நீங்க போட்டுக் கொடுத்த ஆபீசர் நம்ம பையன், தெரியுமா? சிடாம் கிரி ரப்பர்த் தோட்டத்துப் பக்கம். அவங்கம்மா பால்மரம் வெட்டிப் படிக்க வச்சாங்க. வேலை இன்னும் கன்ஃபர்ம் ஆகலையாம்."

"அதுக்காகச் செத்தவ பேர்ல பொய் எழுதலாமா?"

"எழுதியிருக்கக் கூடாதுதான். நம்ம ஆளுன்னா கூப்பிட்டு நாலு வார்த்த பேசிட்டு விட்டுடணும் லா. பேப்பர்ல எழுதிக் கொடுப்பாங்களா?"

எங்கள் ஆட்களிடையே அது எழுதாத சட்டம். அரசாங்க நாற்காலியில் தமிழன் ஒருவன் உட்கார்ந்திருந்தால், அவன் என்ன செய்தாலும் கோயில் கமிட்டியில் வைத்துப் பேசித் தீர்க்க வேண்டுமே தவிர, மேலிடத்துக்குப் போகக்கூடாது. வெள்ளிக்கிழமை கோயிலில் செயலாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அரசாங்க வேலையில நம்ம பிள்ளைங்கள விரல் விட்டு எண்ணிடலாம். அந்த ஒருத்தனையும் நீங்களே புடிச்சுத் தள்ளணுமா? வாபஸ் வாங்கிடுங்க." முடியாது என்றேன். என் மனைவிக்காகப் பேச இப்போது நான் ஒருவன்தான் மிச்சம் என்றும் சொன்னேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

அன்று அன்னதானத்தில் என் பக்கத்து நாற்காலிகள் இரண்டும் காலியாகவே கிடந்தன. அந்தச் சனிக்கிழமை எதிர்வீட்டுக் கார் எனக்காக நிற்காமல் போயிற்று. "விட்டுடுங்கப்பா, அம்மா திரும்பியா வரப்போறாங்க?" என்றாள் மகள். அவளிடமும் எரிந்து விழுந்தேன். அப்புறம் அவள் கூப்பிடுவதும் குறைந்தது. வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமலே கழிந்த நாட்கள் உண்டு. ஆனாலும் விடவில்லை. கோபம் இருக்கிறவரை வீட்டில் என்னோடு இன்னொருவர் இருப்பதுபோல இருந்தது.

விசாரணைக்கு அழைத்துக் கடிதம் வந்தது. துணைக்கு வரச்சொல்லி எதிர்வீட்டுக்காரரைக் கேட்டேன். வேலை இருக்கிறது என்றார். மரணச் சான்றிதழை உறையில் போட்டுக்கொண்டு தனியாகவே போனேன்.

சின்ன அறை. விசாரிக்கிற மலாய் அம்மாள் ஒருபுறம், அந்தப் பையன் ஒருபுறம். முப்பது வயதுகூட இருக்காது. சட்டைக் கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தான். நான் சான்றிதழை மேசையில் வைத்து, தேதியை விரலால் தட்டிக் காட்டினேன். அவன் அதைப் பார்க்கவில்லை. கையடக்க நோட்டுப் புத்தகம் ஒன்றைப் பிரித்தான்.

"அங்கிள், ஒவ்வொரு போன் கோலும் நான் குறிச்சு வைப்பேன். அன்னைக்குக் காலையில பதினோரு மணி. போன எடுத்தது நீங்கதான். புவான், உங்க வீட்டம்மா, இருக்காங்களான்னு கேட்டேன். 'இருக்காங்க, குளிச்சிக்கிட்டு இருக்காங்க'ன்னு சொன்னீங்க."

அவன் நோட்டில் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினான்.

"சாக்கடை மூடி சம்பந்தமா கூப்பிடுறேன்னு சொன்னேன். 'அதெல்லாம் ஓகே லா தம்பி, அவங்க நல்லாத்தான் இருக்காங்க'ன்னு சொல்லி வச்சிட்டீங்க. நேர்ல வந்து பார்க்காம முடிச்சது என் தப்பு. ஆனா பொய் எழுதல அங்கிள்."

பொய் சொல்கிறான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தக் காலை ஞாபகம் வந்துவிட்டது. அவளுடைய போன் விடிந்ததிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது. ஈப்போவிலிருந்து, கிள்ளானிலிருந்து, செய்தி அப்போதுதான் தெரிந்த யார் யாரோ. எத்தனை மணிக்கு, எந்த ஆஸ்பத்திரி, முன்னாலேயே தெரியாதா. அத்தனை பேருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டுபோயிருந்தது. அப்போதுதான் இந்தக் குரல் வந்தது. நான் குளியலறையைப் பார்த்தபடி நின்றிருந்தேன். கதவு திறந்துகிடந்தது, தரை காய்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் குளிக்கிறாள் என்று சொன்னேன்.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. உள்ளே எங்கோ தெரிந்துதான் இருந்திருக்க வேண்டும். அவ்வளவு கோபம் பின்னே எங்கிருந்து வந்தது?

இது உண்மையா என்று அந்த அம்மாள் மலாயில் கேட்டார். உண்மைதான், புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். அவர் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். கையெழுத்துப் போட்டேன். பதிவில் புகார்தாரர் என்பதை எடுத்துவிட்டுப் புகார்தாரரின் கணவர் என்று மாற்றிவிடலாம் என்றார். ஆக, நான் கேட்டது கிடைத்துவிட்டது. அவமானத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

"மன்னிச்சிடு தம்பி" என்றேன்.

அவன் நோட்டுப் புத்தகத்தை மூடினான். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் மெதுவாகத்தான் கேட்டான்.

"ஏன் அங்கிள் அப்படிச் சொன்னீங்க?"

"அன்னைக்கு போன் பண்ணுன அத்தன பேரும் அவ எப்படிச் செத்தான்னுதான் கேட்டாங்க தம்பி. இருக்காளான்னு கேட்டது நீ ஒருத்தன்தான்."

தமிழ் தெரியாத அந்த அம்மாள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அதை மலாயில் சொல்ல எங்கள் இருவராலும் முடியவில்லை.