மாவுக்கட்டுக் காலத்துக் கார்புரேட்டர்கள்

மோட்டார் சைக்கிள் வழியில் நின்றுபோனால் அழுக்கு இருப்பது கார்புரேட்டரில், ஏச்சு விழுவது அதைக் கழுவுகிறவர் தலையில். பிறர் சேர்த்த அழுக்கைக் கழுவிப் பிழைக்கிற எல்லாருக்கும் இது தெரிந்த சங்கதிதான். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

இராமநாதபுரம் ரயிலடிக்குப் பக்கத்தில் எங்கள் ஒர்க் ஷாப். உலகச் சண்டை முடிந்து ஏலத்தில் வந்த பட்டாளத்து மோட்டார் சைக்கிள்கள்தான் அப்போது இந்தப் பக்கம் அதிகம். வண்டிகளுக்கும் வயதாகிவிட்டது, புழுதியும் உப்புக்காற்றும் வேறு. என் வீட்டுக்காரர் ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்கப் போனவர், மணலில் சறுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டு வந்தார். ஆறு வாரம் மாவுக்கட்டு.

"கடையப் பூட்டிட்டு முதுகுளத்தூருக்கே போயிருவோம் புள்ள. ஒங்கய்யாவோட மிளகாய்க் கொல்லையப் பாத்துக்கிட்டு இருக்கலாம். ஆறு வாரம் பூட்டிக் கெடந்தா அப்புறம் இங்கன யாரு வரப்போறா?" என்றார்.

மிளகாய்க் கொல்லை எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பு முடித்த கையோடு அதில்தான் நின்றேன். கார்புரேட்டர்தான் தெரியாது. இருந்தாலும், போனால் திரும்பி வரமாட்டோம் என்று மனதில் பட்டது. "கார்புரேட்டர் வேலைக்கு மட்டும் கடையைத் திறந்து வைப்போம். நீங்க சொல்லுங்க, நான் செய்யுறேன்" என்றேன். ஒத்தைக் கையோடு வேறு என்ன சொல்லமுடியும் அவரால்?

சுளகில் ஒரு மோட்டார்

முதலில் வந்தவர் கீழக்கரையில் சங்கு வியாபாரம் செய்யும் மரைக்காயர். வண்டி மேடு ஏறும்போதெல்லாம் இருமுகிறது என்றார். என் வீட்டுக்காரர் முக்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் கார்புரேட்டரைக் கழற்றினேன். திருகு, மூடி, பெட்ரோல் தேங்குகிற கிண்ணம், அதில் மிதக்கிற மிதவை என்று ஒவ்வொன்றாக வந்தது. எதற்குப் பின் எது என்று மறந்துவிடக் கூடாதே என்று, அடுப்படியிலிருந்து அரிசி புடைக்கிற சுளகை எடுத்துவந்து கழற்றிய வரிசையிலேயே அதில் அடுக்கினேன். உருண்டு ஓடவும் வழியில்லை.

மரைக்காயர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பொம்பளை கையில் வண்டியைக் கொடுத்துவிட்டோமே என்ற கவலை முகத்தில் தெரிந்தது. கடைசியில் வாயைத் திறந்தார்: "சுளகுல வச்சிருக்கிய தங்கச்சி, சரிதான். ஞாபக மறதியாப் பொடைச்சிராதிய."

குதிரை கொடுத்த உதவி

பொடைக்கவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்திருந்தேன். ஜெட் என்று குண்டுமணி அளவில் ஒரு பித்தளைச் சாமான் உண்டு. நடுவில் மயிரிழைத் துளை. அதன் வழியாகத்தான் பெட்ரோல் மேலே ஏறும். அதில் அடைத்திருந்த பசை ஊதினால் போகவில்லை. என் வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க எழுந்துபோன நேரத்தில், ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து ஒரு குத்துக் குத்தினேன். சுத்தமாகிவிட்டது.

நாலாம் நாள் மரைக்காயர் வந்தார். வண்டி கரும்புகை கக்குகிறது, பெட்ரோலை எருமை மாதிரி குடிக்கிறது. என் வீட்டுக்காரர் ஜெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஊசியா?"

"ஒரே ஒரு தடவைதான்."

"பித்தளை மெது புள்ள. ஓட்டையப் பெருசாக்கிட்ட."

பழைய கார்புரேட்டர் ஒன்றிலிருந்து வேறு ஜெட் எடுத்து மாட்டினோம். மரைக்காயர் நல்ல மனிதர், திட்டவில்லை. இனிமேல் ஊசியும் கூடாது, கம்பியும் கூடாது, குதிரைவால் மயிரை விட்டுத்தான் உருவவேண்டும் என்று எனக்கு உத்தரவாயிற்று. ரயிலடியில் ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் சவாரி கிடைக்காமல் உட்கார்ந்திருந்தார். போய்க் கேட்டேன், எதற்கு என்றும் சொன்னேன். பத்து மயிர் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சவாரிய மோட்டாருக்குக் குடுத்தாச்சு, இப்ப வாலையும் கேக்குறிய. குதிரைய மட்டுமாச்சும் எனக்கு விட்டு வைங்க தாயி."

ரயிலில் வந்த கார்புரேட்டர்

பாம்பன் தீவுக்கு அப்போது ரோடு கிடையாது, பாலத்தில் ரயில் மட்டும்தான். அதனால் தங்கச்சிமடத்து மாதா கோயில் உபதேசியார், பங்குச் சாமியாருடைய வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, கார்புரேட்டரை மட்டும் கழற்றி எடுத்து வந்தார். அதுவும் அடுக்குச் சட்டியில். மேல் அடுக்கில் அவருடைய மத்தியானச் சோறு, நடுவில் மீன் குழம்பு, அடியில் கார்புரேட்டர்.

கிண்ணத்தைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னக் கடற்கரையே இருந்தது. நான் கழுவிக்கொண்டிருக்க, எங்கள் பாப்பா தொட்டிலில் அழுதாள். என் வீட்டுக்காரர் இடது கையால் ஆட்டினார். உபதேசியார் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். இரண்டு வாய் போனதும் நிறுத்தி, அடுக்கை மோந்து பார்த்து, நிதானமாகச் சொன்னார்: "மீன்கொழம்புல பெட்ரோல் வாடை அடிக்குதும்மா. அது போகட்டும், பெட்ரோல்ல மீன் வாடை அடிக்காமப் பாத்துக்கங்க."

மூன்றாம் முறை

சாயல்குடிப் பக்கத்துப் பண்ணையார் ஒருவர். அவர் வார்த்தைக்கு அந்தப் பக்கத்தில் மதிப்பு உண்டு. அவர் சொல்லித்தான் அங்கிருந்து ஏழெட்டு வண்டிகள் எங்களிடம் வந்துகொண்டிருந்தன. இரண்டு முறை கார்புரேட்டரைக் கழுவிக் கொடுத்தோம். இரண்டு முறையும் ஊர் போய் ஒரு வாரத்தில் நின்றுவிட்டது. மூன்றாம் முறை வண்டியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"தம்பி, இன்னொரு தடவை நின்னுச்சுன்னா நான் மதுரைக்குப் போயிருவேன். எங்க ஆளுகளையும் இங்கன வரவேண்டாம்னு சொல்லிருவேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் என்னிடம் மெதுவாக, "இவரு போனா எல்லாம் போச்சு. மூட்டையக் கட்டிர வேண்டியதுதான்" என்றார்.

திறந்தேன். முன்போலவே கிண்ணத்தின் அடியில் வெள்ளை வண்டல். உப்புக்காற்று என்றுதான் இரண்டு முறையும் நினைத்துக் கழுவி ஊற்றினோம். இந்த முறை அதை ஒரு தகரத்தில் வழித்து வெயிலில் காயவைத்து, விரலால் தேய்த்துப் பார்த்தேன். உப்பு நறநறக்கும். இது மாவாக வழுக்கியது. எழுந்து அடுப்படிக்குப் போய் மஞ்சள் பொடி எடுத்துவந்தேன்.

"என்ன புள்ள, கொழம்பா வைக்கப் போற?" என்றார் என் வீட்டுக்காரர்.

ஒரு சிட்டிகை மஞ்சளைப் போட்டு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். ஆரத்தித் தட்டு மாதிரி சிவந்தது. சுண்ணாம்பு.

"அய்யா, பெட்ரோல எதுல வச்சிருக்கிய?" என்று பண்ணையாரைக் கேட்டேன்.

"எங்க ஊர்ல ஏது பங்க்? இங்கன வாங்கிட்டுப் போயி டின்னுல ஊத்தி வச்சுக்குவேன்."

"என்ன டின்னு?"

"பதனி புளிக்காம இருக்கக் கலயத்துல தடவுறதுக்குப் பனையேறிக சுண்ணாம்பு கரைச்சு வச்சிருந்த டின்னு. நல்லாக் கழுவித்தானே ஊத்துனேன்" என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. பெரிய மனிதர், கோபித்துக்கொள்வாரோ என்று எனக்குப் பயம். அவர் தகரத்தைக் கையில் வாங்கி, அந்தச் சிவப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். டாங்கியையும் காலி செய்து கழுவி மாட்டிக் கொடுத்தோம். கடைத்தெருவில் புது டின் ஒன்று வாங்கி வண்டியில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டாலே இருவரும் எழுந்து நிற்போம். மாவுக்கட்டைப் பிரித்த மறுநாள் பண்ணையார் வந்தார். அவர் வண்டி நிற்காமல் ஓடியே வந்திருந்தது. பின்னால் அவர் ஊர்க்காரர்கள் இரண்டு பேர், இரண்டு வண்டிகளோடு. என் வீட்டுக்காரர் எழுந்து போனார். பண்ணையாரோ அவரைத் தாண்டி என்னைக் காட்டி அவர்களிடம் சொன்னார்: "கார்புரேட்டர அந்தப் புள்ளைட்டக் குடுங்க. வீட்டுல என்ன டின்னு வச்சிருக்கியன்னு கேக்கும், பொய் சொல்லாதிய. மஞ்சப்பொடியப் போட்டுக் கண்டுபிடிச்சிரும்."

ஆக, கடையும் தப்பித்தது, என் வீட்டுக்காரர் கையும் தப்பித்தது. கார்புரேட்டரிடமிருந்து தப்பிக்காதவள் நான் ஒருத்திதான்.