நீதிபதிக்கு முழுக் காபி

மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு சைக்கிள் கடை வாசலில் நான் ஆறு வருஷம் நீதிபதியாக இருந்தேன். சம்பளம் கிடையாது. படித்தது பி.காம்., அதிலும் வணிகச் சட்டத் தாளில் இரண்டு முறை தோற்றவன். ஆனால் அந்த நீதிமன்றத்தில் யாரும் மார்க் ஷீட் கேட்கவில்லை.

எனக்கு ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை. சாயங்காலம் கம்பெனி பஸ் தெருமுனையில் இறக்கிவிடும். வீட்டுக்குப் போகும் வழியில்தான் அந்தக் கடை. முதலாளி என் வயதுக்காரன். பங்சர் ஒட்டிக்கொண்டே அரசாங்கத்தைத் திட்டுவான். அவன் திட்டின் வேகத்தை வைத்தே ட்யூபில் எத்தனை ஓட்டை என்று சொல்லிவிடலாம். கூட இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் ஜில்லா கோர்ட்டில் டைப்பிஸ்ட். 'மேற்படி', 'கனம்' இல்லாமல் அவருக்கு வாக்கியம் ஓடாது. இன்னொருவர் ஊதுபத்தி வியாபாரி, எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதற்காக வாதாடுவார். யாராவது ஒருத்தராவது அரசாங்கத்துக்கு ஆதரவாகப் பேச வேண்டாமா, பாவம், என்பார். ஆகவே அவர் அரசு வக்கீல், டைப்பிஸ்ட் எதிர் வக்கீல், சைக்கிள் கடைக்காரன் பொதுமக்கள்.

நீதிபதியாக என்னை நியமித்ததற்குக் காரணம் என் அறிவு இல்லை. சைக்கிள் கடைக்காரன் சொன்ன காரணம் இதுதான்: "இவன் கொங்கன். இவனுக்கு இங்கே ஜாதியும் இல்லை, கட்சியும் இல்லை, எலெக்ஷன்ல நிக்கிற மச்சானும் இல்லை. இவனைவிட நடுநிலையான ஆள் மைசூர்ல எங்கே கிடைப்பான்?"

கொங்கன் என்பது அந்தப் பக்கம் தமிழனைக் கேலியாகச் சொல்லும் பெயர். வேறு யாராவது சொன்னால் சுருக்கென்றிருக்கும். அவன் சொல்லும்போது எனக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்த மாதிரி இருந்தது. பழைய டயர்களை அடுக்கி, மேலே ஒரு கோணியைப் போட்டு ஆசனம் தயாரானது. மட்கார்டில் ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டினால் கோர்ட் கூடிவிட்டது என்று அர்த்தம்.

பேப்பரில் வந்த எதையும் விட்டுவைக்க மாட்டோம். ரேஷன் மண்ணெண்ணெயில் கலப்படம் என்று ஒரு வழக்கு. சம்பந்தப்பட்ட அதிகாரி அதே மண்ணெண்ணெயில் ஸ்டவ் பற்றவைத்து மனைவிக்குக் காபி போட்டுக் கொடுத்து, அந்த அம்மாள் சொல்வதை நின்று கேட்க வேண்டும் என்று தீர்ப்பளித்தேன். போலீஸ்காரர் மாமூல் வாங்கிய வழக்கில் ஊதுபத்திக்காரர், என் கட்சிக்காரர் ஜாதி மத பேதம் பார்க்காமல் எல்லாரிடமும் வாங்குகிறார், அரசியல் சாசனம் கேட்கும் சமத்துவத்தை இவரைவிட யார் கடைப்பிடித்தார்கள் என்று வாதாடினார். போலீஸ்காரரைக் கௌரவமாக விடுதலை செய்தேன். தோற்ற வக்கீல் காபி வாங்க வேண்டும். ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்துத் தரும் 'பை டூ' கணக்கில், நாலு பேருக்கு இரண்டு காபி. என் பங்கின் அளவு பற்றி நான் முனகாத நாளில்லை.

தீர்ப்புப் பிடிக்காவிட்டால் சைக்கிள் கடைக்காரன், "ஏய் கொங்கா, உனக்கு மூளை இருக்கா?" என்பான். கோர்ட் அவமதிப்பு என்று ஸ்பேனரைத் தட்டுவேன். இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

காவிரி விவகாரத்தில் தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடச் சொல்லி இடைக்காலத் தீர்ப்பு வந்து, தொண்ணூற்றொன்று டிசம்பரில் கலவரம் வெடித்தபோது நான் வீட்டில் தனியாக இருந்தேன். மனைவியும் மகளும் ஒரு கல்யாணத்துக்கு ஈரோட்டில் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தார்கள். பஸ் நின்றுவிட்டது. நான் இங்கே, அவர்கள் அங்கே.

என் வீரத்தை இங்கே பதிவு செய்ய வேண்டும். முதலில் சுவரிலிருந்த ஈரோட்டு ஜவுளிக்கடைக் காலண்டரைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். தமிழ் வாரப் பத்திரிகைகளையும் கூடவே புதைத்தேன். அந்த மாதம் முழுக்கச் சோற்றில் அச்சு மை வாசனை. பிறகு ரேடியோவில் கன்னட நிலையத்தை வைத்துச் சத்தத்தைக் கூட்டினேன். விவசாய நிகழ்ச்சியையும் விடவில்லை. பட்டுப்புழு வளர்ப்பு பற்றி நான் இவ்வளவு ஆர்வமாக இருப்பதைக் கேட்ட பக்கத்து வீட்டு அம்மாள், தன் தம்பி வளர்க்கும் புழுக்கள் இலை தின்ன மறுக்கின்றன, என்ன செய்யலாம் என்று மதில் வழியாக ஆலோசனை கேட்டார். எனக்கே இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொல்ல முடியவில்லை. காற்றோட்டம் வேண்டும் என்றேன். இருட்டில் கட்டில் காலில் இடித்துக்கொண்டு 'அம்மா' என்று கத்தியபோது, இரண்டு மொழியிலும் அந்தச் சொல் ஒன்றுதான் என்ற நிம்மதியில் வலியே மறந்துபோனது.

இரண்டாம் நாள் மத்தியானம் கேட் ஆடும் சத்தம். நான் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நுழையப் பார்த்தேன். என் அகலம் இடம் கொடுக்கவில்லை. எட்டிப் பார்த்தால் சைக்கிள் கடைக்காரன். பழைய ட்யூபைக் கிழித்து, அந்தப் பட்டையால் என் கேட்டில் மஞ்சளும் சிவப்பும் கலந்த கன்னடக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தான். ஜன்னலைப் பார்க்காமலேயே, "வெளியே வராதே. ரேடியோவைக் குறை, தெருவே சிரிக்குது" என்றான். கொடியை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனான்.

கூட்டம் எங்கள் சந்து வழியாகக் கத்திக்கொண்டு போனது. கொடியைப் பார்த்தது, போய்விட்டது. தெருமுனையில் துணி தேய்த்துக்கொண்டிருந்த சேலத்துக்காரரின் தள்ளுவண்டி எரிந்தது. அவர் பிறகு திரும்பி வரவே இல்லை. என் வீட்டில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. ஒன்றும் ஆகாதவன் என்ன சொல்லிப் புலம்புவது?

ஊர் அடங்கி, கம்பெனி பஸ் ஓட ஆரம்பித்ததும் முதல் சாயங்காலமே சைக்கிள் கடைக்குப் போனேன். வழியெல்லாம் பீரோவுக்குப் பின்னால் நுழையப் பார்த்த கதையை எப்படிச் சொல்லலாம் என்று ஒத்திகை பார்த்தேன். என் பயம்தான் முதல் வழக்கு, ஆயுள் தண்டனை நிச்சயம் என்று நினைத்தேன்.

என்னைப் பார்த்ததும் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள்.

சைக்கிள் கடைக்காரன் வாசல் பெஞ்சை ஒரு துணியால் துடைத்தான். "வாங்க சார், உட்காருங்க. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், வேறு யாராவது வந்திருக்கிறார்களோ என்று. யாரும் இல்லை. அந்தச் சார் நான்தான்.

காபி வந்தது. எனக்கு முழு டம்ளர். அவர்களுக்குப் பாதிப் பாதி. ஆஸ்திரேலியாவில் நடக்கும் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினார்கள். கிரிக்கெட்டைப் பற்றி அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. டைப்பிஸ்ட் மேற்படி பந்து வீச்சாளர் என்று ஆரம்பித்து, பெயர் தெரியாமல் நிறுத்திவிட்டார். பேப்பர் மடித்தபடியே பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. பீரோ கதையைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஊதுபத்திக்காரர் என் தோளில் கை வைத்தார். ஜோக் சொன்னவனுக்கு ஆறுதல் கிடைப்பது போன்ற அவமானம் வேறில்லை.

அடுத்த நாளும் அப்படித்தான். அடுத்த மாதமும். டயர் அடுக்கு அங்கேயே இருந்தது, யாரும் என்னை அதில் உட்காரச் சொல்லவில்லை. நான் தெருமுனையில் திரும்பும்போது மூன்று பேரும் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருப்பது தெரியும். கிட்டே போனதும் பேச்சு அடங்கி, வாங்க சார் என்று தொடங்கும். விலைவாசியைக்கூட என்னிடம் திட்டப் பயந்தார்கள். பருப்பில் தொடங்கினால் அரிசிக்கு வரும், அரிசிக்கு வந்தால் வயலுக்கு, வயலுக்கு வந்தால் தண்ணீருக்கு. அந்த மூன்று நல்ல மனிதர்கள் எனக்கு வலிக்கக் கூடாது என்று ஒரு நாட்டின் மொத்த அரசியலையும் சுற்றிக்கொண்டு போனார்கள். முழுக் காபியைக் கடைசிச் சொட்டு வரை நான்தான் குடிக்க வேண்டியிருந்தது.

இதற்குள் மகளை ஈரோட்டிலேயே பள்ளியில் சேர்த்திருந்தார்கள், தற்காலிகமாக என்று. மச்சானுடைய சாயப்பட்டறையில் கணக்கு பார்க்க ஆள் வேண்டும், வந்துவிடுங்கள் என்று மனைவி, ஒவ்வொரு ஞாயிறும் நான் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசும்போது கேட்பாள். யாராவது ஏதாவது சொல்கிறார்களா என்பாள். இல்லை, எல்லாரும் மரியாதையாக இருக்கிறார்கள் என்பேன். அப்புறம் என்ன பயம் என்பாள். அதுதான் பயம் என்று எப்படிச் சொல்வது? இந்த ஊரில் இருப்பதா போவதா என்பது அந்த பெஞ்சில்தான் முடிவாகும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம். என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசட்டும், இருந்துவிடுகிறேன். இப்படியே சார் போட்டால், சாயப்பட்டறை.

கோடை தொடங்கியிருந்தது. ஒரு சனிக்கிழமை கடைக்குப் போனதும் நேராக டயர் அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்தேன். ஸ்பேனர் கிடைக்கவில்லை, டிபன் பாக்ஸ் மூடியால் மட்கார்டைத் தட்டினேன். இன்றைக்குத் தண்ணீர் வழக்கு என்றேன். அவசரத்தில் இரண்டு தட்டு மூன்றாகிவிட்டிருந்தது.

டைப்பிஸ்ட் சுற்றுமுற்றும் பார்த்தார். அது கோர்ட் விசாரணையில் இருக்கும் விஷயம் சார், நாம் பேசக் கூடாது என்றார். நாட்டில் விசாரணையில் இருந்த அத்தனை வழக்கையும் அந்த பெஞ்சில் முடித்துவைத்தவர் அவர். ஊதுபத்திக்காரர் இந்த ஒரு தடவை அரசாங்கத்துக்காகப் பேச முன்வரவில்லை. எந்த அரசாங்கம் என்று அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

நான் விடவில்லை. பொதுமக்கள் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டேன்.

சைக்கிள் கடைக்காரன் கையிலிருந்த பம்பைக் கீழே போட்டான்.

"என்ன சொல்லச் சொல்றே? மண்டியா பக்கம் என் மாமனாருக்குக் கால்வாய் ஓரம்தான் நிலம். கரும்பு நிக்குது. தண்ணி விடறது சந்தேகம்னு சொல்லிட்டாங்க. கிழவன் தினம் கால்வாய்க்கரையில போய் உட்கார்ந்துட்டு வர்றான். நீ சொல்லு. உங்களுக்கு எவ்வளவுதான் வேணும்?"

என்னிடம் கேட்டான். எனக்கு எந்த ஊரிலும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. என் அப்பா மில்லில் ஃபிட்டர். தஞ்சாவூரை நான் ரயிலில் போகும்போது ஒரு தடவை பார்த்திருக்கிறேன், அதுவும் தூக்கத்தில். ஆனாலும் ஒரு மாநிலமே என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, சொல்லு, சொல்லு என்று இடிப்பது போலிருந்தது. வாய் உலர்ந்தது. இந்த வழக்குக்குப் பொருத்தமான உலர்ச்சிதான்.

எவ்வளவு என்று எனக்குத் தெரியாது என்றேன். பிறகு, இத்தனை மாதமாக நெஞ்சில் கிடந்ததைச் சொன்னேன்: "தீர்ப்புன்னு ஒண்ணு வந்தா அதை அரசாங்கமே கேக்காட்டி, அப்புறம் நானும் நீயும் எங்க போய் நியாயம் கேக்கறது? நம்ம கோர்ட்ல தோத்தவன் காபி வாங்கறான் இல்லையா?"

"நம்ம கோர்ட்ல தோத்தவனுக்குப் பயிர் காயாதுடா."

அவன் சொன்னது நியாயம்தான். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நான் சொன்னதை வாபஸ் வாங்கவும் தோன்றவில்லை. அங்கேயும் பயிர் காயும் என்றேன். அதை நீ பார்த்தாயா என்றான். உன் மாமனார் வயலையும்தான் நான் பார்க்கவில்லை, நம்பவில்லையா என்றேன். அவன் குரலை உயர்த்த, நான் உயர்த்த, எதிர்ப்பக்கம் காய்கறி வண்டிக்காரர் நின்று பார்த்தார். நான் கையை வீசிய வேகத்தில் டயர் அடுக்கு ஆடியது. ஆனாலும் உள்ளே எங்கோ ஒருவன் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான். என்னை 'நீ' என்கிறான், 'டா' என்கிறான்.

காய்கறி வண்டிக்காரரைப் பார்த்ததும் அவன் சட்டென்று நிறுத்தினான். பம்பை எடுத்துத் துடைத்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்," என்றான்.

டைப்பிஸ்ட் மெதுவாக, அப்படியானால் தீர்ப்பு என்று கேட்டார். வழக்கமான கேள்விதான். மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். ஏதாவது ஒரு வேடிக்கையைச் சொல்லியிருக்கலாம். நதிக்கே ஆயுள் தண்டனை என்பது போல. அவர்களும் சிரித்து, அதோடு போயிருக்கும். என்னால் முடியவில்லை. நான் இந்த வழக்கில் ஒரு தரப்பு, தீர்ப்புச் சொல்ல முடியாது என்றேன். டயரிலிருந்து இறங்கி பெஞ்சில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். டயர் அடுக்கில் வேறு யாரும் ஏறவில்லை. தெருவிளக்கு எரியத் தொடங்கும் வரை நாலு பேரும் போகிற வருகிற சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் ஞாயிறு. பூத்திலிருந்து கூப்பிட்டதும் மனைவி முதல் கேள்வியாக, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டாள். ஆமாம், சண்டை போட்டான் என்றேன். என் குரலில் இருந்த குஷி அவளுக்கு விளங்கவில்லை.

"ஐயோ, சாமி. ஏனுங்க, பேசாம இன்னைக்கே கெளம்பி வந்துருங்க."

இல்லை, சண்டை இன்னும் பாதியில்தான் நிற்கிறது, நடுவில் மறுபடியும் சார் போட்டுவிட்டான், அதை முடித்துவிட்டுத்தான் எதையும் யோசிக்க முடியும் என்றேன். லைனில் கரகரவென்று சத்தம். மச்சான் வீட்டுச் சமையலறையில் யாரோ எதையோ தாளித்தார்கள். மகள் பக்கத்தில் நின்று என்ன, என்ன என்று கேட்பது கேட்டது.

"அப்ப சண்டை போடறதுக்குன்னே அங்க கெடக்கறீங்களா?"

"ஆமா," என்றேன்.

அவள் மகளை அந்தப் பக்கம் போகச் சொன்னாள். பிறகு, சாப்பிட்டாச்சா என்று கேட்டாள்.